எடுத்துக்காட்டுக்குச் சொன்ன கல்

சாமிக்கொட்டாய், பாலக்கோடு வழி
7-7-2025, திங்கள்

அண்ணன் அவர்களுக்கு,

தீர்த்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

தொலைபேசியில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அண்ணியிடம் சொன்னால், உங்கள் மனம் நோகும் என்று பாதியை விழுங்கிவிடுவார். அதனால் எழுதுகிறேன். பாலக்கோட்டு மண்டியில் தக்காளி இறக்கிவிட்டு முனிராஜ் பாப்பாரப்பட்டி வழியாகத்தான் வண்டியைத் திருப்புகிறான். அவனிடமே பதில் கொடுத்தனுப்பலாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நம் தோட்டத்துக்கு ஒரு காரும் நான்கைந்து மோட்டார் சைக்கிள்களும் வந்தன. வந்தவர்கள் செருப்புக் காலோடு தக்காளிப் பாத்திகளுக்குள் நடந்து நேராக வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். அங்கே கல்லாய் நிற்கும் வேடியப்பனைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் முகத்துக்கு முன் விளக்கைப் பிடித்து, அவர் மேல் இருந்த மஞ்சளை விரலால் சுரண்டினார். நான் ஓடினேன். "யாருங்க நீங்க, சாமி மேல கை வைக்கிறீங்க?" என்றேன். "அம்மா, இது அடியவன் ஐயா சொன்ன கல்லுதானுங்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

அடியவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. மகன் முருகேஷ் தன் போனில் தேடி எடுத்துப் படித்துக் காட்டினான். ஏதோ நெய்க் கம்பெனி நடத்தும் விளையாட்டாம். அதில் 'பாப்பாரப்பட்டி அடியவன்' என்ற பெயரில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். நம் ஊர், நம் தோட்டம், வேப்ப மரம், கல்லின் வலத்தோளில் உள்ள வெட்டு, வெள்ளிக்கிழமைகளில் நான் மஞ்சள் சாத்துவது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் 'என்க' என்று முடிகிறது. பாப்பாரப்பட்டியில் அப்படி எழுதுபவர் ஒருவர்தான்.

குருதி சிந்தும் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சிவன் பேரில் சத்தியம் செய்து போனீர்கள். கிடா வெட்டும் சாமி உங்களுக்குச் சாமி இல்லை என்றீர்கள். அன்று முதல், பிறந்த வீட்டார் கொண்டுவர வேண்டிய பானையை நானே சந்தையில் வாங்கி, நானே எனக்குச் சீர் கொடுத்துக்கொண்டு பொங்கல் வைக்கிறேன். அதற்கெல்லாம் நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீங்கள் கும்பிடாத சாமியின் முகவரியை ஊருக்கெல்லாம் எதற்காகக் கொடுத்தீர்கள்?

தங்கை,
தீர்த்தம்மாள்

*

பாப்பாரப்பட்டி
8-7-2025

அன்புத் தங்கை தீர்த்தம்மாளுக்கு,

சிவபெருமான் திருவருள் முன்னிற்க. உன் கையெழுத்தைக் கண்டதும் எழுந்த மகிழ்ச்சி, முதற்பத்தியைக் கடப்பதற்குள் மறைந்தது. நிகழ்ந்ததை மறையாது எழுதுகிறேன்.

உன் அண்ணி பெரியம்மாள் விளக்குக்கு 'ஆநிரை' என்ற பெயரில் வரும் நெய்யை வாங்குவது வழக்கம். சித்திரையில் வாங்கிய கலத்தின் மூடியில் ஒரு செய்யுள் இருந்தது. பொருள் அறிந்தோர் இணையதளத்தில் விடையைப் பதிக்கலாம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். விளையாட்டின் பெயர் ஏழு பூட்டு. பூட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்யுள். விடைச்சொல்லைப் பதித்தால் பூட்டுத் திறக்கும். ஏழையும் முதலில் திறப்பவருக்குக் கயிலை யாத்திரை, உடன் ஒருவரையும் அழைத்துச் செல்லலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு இதைவிடப் பெரிய வலை வேறு வேண்டுமா? ஆறு பூட்டுகளைத் திறந்தேன். ஆடுவோர் பல்லாயிரவரில் முதல் வரிசையில் நிற்கிறேன். இந்த வயதில் அது தரும் செருக்கை இறைவன் பொறுத்தருள்க.

ஏழாம் செய்யுள் சென்ற வெள்ளியன்று வந்தது:

ஆநிரை காத்தே அகலாது நிற்பான்
வில்லை வளைத்தும் விடாத அம்பினன்
ஊணும் உறக்கமும் இல்லா ஒருவன்
காலடி காண்பவர்க்கு உளதொரு திறவே.

இதைப் படித்த மாத்திரத்தில் என் மனம் நடுகல்லையன்றி வேறெதையும் நினைக்கவில்லை. கவர்ந்து செல்லப்பட்ட பசுக்களை மீட்கப் போராடி மாண்டவனைக் கல்லில் எழுதி நிறுத்துவது நம் நாட்டு வழக்கம். அவனே வளைத்த வில்லோடு, எய்யாத அம்போடு, உண்ணாமல் உறங்காமல் நிற்கிறான். இணையதளத்தில் பலரும் பொருள் தெரியாமல் தவித்தார்கள். வழி சொல்லலாம், விடை சொல்லலாகாது என்பது விதி. எனவே முறைப்படி உரை எழுதினேன். பதவுரை, பொழிப்புரை, விளக்கம், ஈற்றில் எடுத்துக்காட்டு. உரை எழுதுவோன் எடுத்துக்காட்டின்றி முடித்தால் அது உரையாகாது. கண்ணறிந்த நடுகல் எனக்கு ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

தங்கையே, எடுத்துக்காட்டு வேறு, விடை வேறு. இவ்வேறுபாடு உரை நூல் படித்தோர் எவரும் அறிவது. வந்தவர்கள் அறியாதவர்கள். இன்றே ஒரு திருத்தம் எழுதிச் சேர்க்கிறேன். நாளை முதல் ஒருவரும் வரமாட்டார்.

சத்தியத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது உயிர்க்கொலையின் பொருட்டுச் செய்தது. உன்னையோ உன் வீட்டையோ வெறுத்துச் செய்ததன்று. மருமகள் கவிப்பிரியா நலமா? முருகேஷ் ஆலைக்கு ஒழுங்காகப் போகிறானா?

உன் அண்ணன்,
அர்ச்சுனன்

*

சாமிக்கொட்டாய்
12-7-2025, சனி

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் திருத்தம் வந்த மறுநாளிலிருந்து கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது.

'சாமிக்கொட்டாய்க் கல் விடையன்று, ஆங்கு எவரும் செல்லற்க' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நேற்று வேலியோரம் இரண்டு பேர் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். "பெருசு உஷாரு மச்சான். மொதல்ல ஒளறிடுச்சு. இப்ப இல்லவே இல்லைங்குது." "இல்லைங்குதுன்னாலே இருக்குதுன்னு அர்த்தம்டா. தானே வந்து எடுத்துக்கலாம்னு பாக்குது." ஒசூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு கூட்டம் கன்னடத்தில் பேசியது. தக்காளி வாங்க வந்தவர்கள் என்று நினைத்து விலை சொன்னேன். என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கல்லில் அவர் உருவம் முழங்கால் வரைதான் மண்ணுக்கு வெளியே தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டில் காலடி என்று இருக்கிறதல்லவா? அதனால் தோண்டுகிறார்கள். வியாழக்கிழமை நாங்கள் சாப்பிட வீட்டுக்குப் போய் வருவதற்குள் முன்பக்கம் முழங்கை ஆழம் பறித்துவிட்டார்கள். வேடியப்பன் முன்னால் சாய்ந்து நிற்கிறார். வழுக்கி விழப்போகிறவர் போல இருக்கிறது. காவலர் ஒருவர் வந்து எல்லோரையும் அனுப்பிவைத்தார். அவர் வண்டி ரோட்டைத் தாண்டியதும் திரும்ப வந்தார்கள்.

கவிப்பிரியாவைக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பு இரண்டு முறை தங்காமல் போய்விட்டது. இப்போது ஆறு மாதம். ஆடிப் பதினெட்டில் வேடியப்பனுக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் வளையல் போட்டுக்கொள்வேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். சாய்ந்த கல்லின் முன் பானை ஏற்றக்கூடாது என்பது இங்கே பெரியவர்கள் வைத்த முறை. அவள் தினமும் சாளரத்தருகே நின்று கல்லைப் பார்க்கிறாள். "நேத்தைக்கு இன்னிக்கு இன்னும் சாஞ்சிருக்குதுங்களா அத்தை?" என்று கேட்கிறாள். நான் இல்லை என்கிறேன். என் பேச்சை அவள் நம்பவில்லை.

முருகேஷ் ஆலைக்குப் போகவில்லை. கையில் தடியோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கோபம் உங்களுக்குத் தெரியும். வருகிறவர்களும் சும்மா போகிறவர்கள் இல்லை. எந்த நேரத்தில் யார் மண்டை உடையும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

நீங்கள் எழுதியதை அழியுங்கள் அண்ணா.

தீர்த்தம்மாள்

*

பாப்பாரப்பட்டி
14-7-2025

அன்புத் தங்கைக்கு,

கவிப்பிரியாவைப் பற்றி நீ எழுதிய வரிகளைப் பெரியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனாள். இன்னும் என்னுடன் பேசவில்லை.

உரையை அழித்துவிட்டேன். ஆயினும் அதைப் படமாக எடுத்து வைத்தவர்கள் பலர். இப்போது அவர்களே பரப்புகிறார்கள். நிறுவனத்தாருக்கு விரிவாக ஒரு மடல் விடுத்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, பரிசுகள் காத்திருக்கின்றன, தொடர்ந்து விளையாடுங்கள்' என்பது அதன் வாசகம். மறுபடியும் எழுதினேன். எழுத்துப் பிசகாமல் அதே பதில் வந்தது. மனிதர் எவரும் அதைப் படிக்கவில்லை என்று பின்பே விளங்கியது.

பூசையில் அமர்ந்தால் பதிகத்தின் நடுவே அடி மறக்கிறது. ஐம்பது ஆண்டுகள் நாவில் இருந்த பாடல்கள். கண்ணை மூடினால் நீ எழுதிய அந்தச் சாய்ந்த கல்தான் முன்னே நிற்கிறது.

இனி எழுதுவதை எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினேன். ஏழாம் பூட்டுக்கு நான் அறிந்த சொற்களையெல்லாம் பதித்துப் பார்த்தேன். நடுகல், வேடியப்பன், மறவன், கரந்தை. எதற்கும் அது திறக்கவில்லை. செய்யுளைத் திரும்பத் திரும்ப ஓதினால் ஓர் ஐயம் எழுகிறது. நிறுவனத்தார் பல ஊர் நடுகற்களின் அடியில் ஏதேனும் மறைத்து வைத்திருப்பார்களோ, அவற்றுள் நம்முடையதும் ஒன்றாக இருக்குமோ என்பது அந்த ஐயம். ஏற்கெனவே மண் பறிக்கப்பட்டுவிட்டது. அந்தக் குழியில் அண்மையில் வைத்த தகடோ ஏனமோ தென்படுகிறதா என்று முருகேஷை ஒருமுறை பார்க்கச் சொல். இருந்தால் எடுத்துக் காட்டிவிடலாம், கூட்டம் கலைந்துவிடும். உன் நன்மைக்காகவே கேட்கிறேன்.

அர்ச்சுனன்

*

சாமிக்கொட்டாய்
16-7-2025

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முருகேஷ்தான் எனக்குப் படித்துக் காட்டினான். கடைசிப் பகுதி வந்ததும் மடித்து என் கையில் கொடுத்துவிட்டான். "மாமனும் வரிசையில நிக்கிறாருங்கம்மா. டோக்கன் குடுத்துடலாம்" என்றான்.

அவன் அதை இடது கையால் மடித்தான். வலது கையில் தையல் போட்டிருக்கிறது. நேற்று ஒருவன் கொண்டுவந்த கடப்பாரையை இவன் பிடித்து இழுக்க, அவன் சட்டென்று விட்டுவிட்டான். இரும்பு இவன் உள்ளங்கையைக் கிழித்து, கல்லின் அடியில் போய் மோதியது. கை ஆறிவிடும் என்றார்கள். கல்லில் தெறித்தது எப்படி ஆறும்?

கவிப்பிரியாவை அரூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குழியில் தகடு இல்லை. ஏனமும் இல்லை. வேடியப்பனின் கால் இருக்கிறது.

இனி எழுத வேண்டாம்.

தீர்த்தம்மாள்

*

பாப்பாரப்பட்டி
21-7-2025, திங்கள்

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் பொறுத்துக்கொள். இனி என் கடிதத்தை வாங்க மாட்டேன் என்று முனிராஜ் முன்பே மறுத்துவிட்டான். "அக்கா திட்டுமுங்க வாத்தியாரே" என்றான். இதைப் பெரியம்மாள்தான் அவன் வண்டியின் முன் நின்று கையில் திணிக்கப்போகிறாள்.

முருகேஷின் கையை நினைக்காத நாழிகை இல்லை. நான் கேட்ட கேள்வியை மாற்றான் ஒருவன் கேட்டிருந்தால் அவனை என்ன சொல்லி வைதிருப்பேன் என்றும் நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

இன்று காலை விளக்கில் நெய் வார்க்கக் கலத்தைச் சாய்த்தேன். அதன் வெளிப்புறத்தில் ஒரு படம் உண்டு. மலையடிவாரத்தில் பசுக்கூட்டம். சித்திரை முதல் நாள்தோறும் காண்கிற படம். பசுக்களுக்குப் பின்னே, சுண்டுவிரல் நகத்தளவில் ஒருவன் நிற்கிறான். வில்லை வளைத்திருக்கிறான், அம்பு நாணில் இருக்கிறது. உண்பதில்லை, உறங்குவதில்லை, அச்சடித்த படத்துக்கு ஏது ஊணும் உறக்கமும்? பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் செய்து அவன் காலடியைப் பார்த்தேன். புல் என்று எண்ணியிருந்தது புல்லன்று. பச்சை மையில் நெருக்கி அடித்த ஒரு சொல். அதைப் பதிக்கத் தொடங்கினேன். இறுதி எழுத்துக்கு முன் கையை எடுத்துவிட்டேன்.

ஆக, அச்செய்யுள் சுட்டியது அவர்கள் விற்கும் நெய்க்கலத்தை. கலத்தை உற்றுப் பார்க்க வைப்பதே நோக்கம். நான் அதை விட்டு ஆயிரம் ஆண்டுக்கு அப்பால் சென்று உன் தோட்டத்தில் இறங்கினேன். பெரியம்மாள் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "கையில இருக்கறத வுட்டுட்டு காட்டுல இருக்கறதுக்கு உரை எழுதினீங்களா?" என்றாள். ஒரு வாரத்துக்குப் பின் அவள் பேசிய முதல் வாக்கியம்.

இதுவரை எவரும் ஏழாம் பூட்டைத் திறக்கவில்லை. அந்த எண்ணிக்கை இணையதளத்தில் தெரிகிறது. ஆடி அமாவாசை மாலையோடு ஆட்டம் முடியும். நான் தனியே திறந்தால் கயிலை எனக்கு. ஆனால் விடை என்ன என்பதை ஆட்டம் முடிந்த பின்னரே அறிவிப்பார்கள். அதுவரை உன் தோட்டத்தில் தோண்டுவார்கள். பொதுவில் விடையைச் சொன்னால் விதிப்படி என்னை நீக்கிவிடுவார்கள்.

எது தக்கது என்று எழுபது வயதில் ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிந்திருந்தும் இதை எழுதும் இந்த நொடி வரை செய்யவில்லை. சிறுவயது முதல் அந்த மலையின் பெயரைச் சொல்லியே உறங்கி எழுந்தவன் நான். அச்சொல் இன்னும் என் கணினியில் ஓரெழுத்துக் குறையாக நிற்கிறது.

அர்ச்சுனன்

*

சாமிக்கொட்டாய்
22-7-2025

அண்ணா,

முனிராஜ் காத்திருக்கிறான், சுருக்கமாக எழுதுகிறேன். நாளைக் காலை ஜேசிபி வருகிறது. பாலக்கோட்டில் பேசி வைத்துவிட்டார்களாம். கடைசி நேரத்துக்குள் கல்லைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று முருகேஷின் போனிலேயே அவர்கள் பேசிக்கொள்வது வருகிறது. ஊரில் சொன்னோம். "வரட்டும் பாத்துக்கலாம்" என்கிறார்கள். பார்த்துக்கொள்ள நாங்கள் நான்கு வீடு.

கல்லின் மேல் படுத்துக்கொள்வேன் என்கிறான் முருகேஷ். சொன்னால் செய்கிறவன். இன்று அரூரிலிருந்து கவிப்பிரியா பேசினாள். வேடியப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நிற்கிறார் என்றேன்.

உங்கள் சொல்லை எழுதுங்கள், எழுதாதீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கயிலாயத்தின் பெயர் உங்கள் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சிறுமியாய்ப் பாயில் படுத்துக் கேட்டவள் நான்.

நாளைக் காலை என்றுதான் சொல்ல வந்தேன்.

தீர்த்தம்மாள்

*

சாமிக்கொட்டாய்
25-7-2025, வெள்ளி

அண்ணன் அவர்களுக்கு,

புதன்கிழமை விடிந்ததிலிருந்து முருகேஷும் நானும் கல்லருகே உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் ஒன்று கேட்டது. பால்காரர். வெயில் ஏறியதும் ஜேசிபி ஓட்டுநர் நடந்து வந்து தண்ணீர் கேட்டார். "வரச் சொன்னவங்க போனை எடுக்க மாட்டேங்கறாங்கம்மா. கேட்டா, நெய் டப்பா வாங்க போயிருக்காங்களாம்" என்று தலையைச் சொறிந்தார். அன்று பாலக்கோட்டில் எந்தக் கடையிலும் ஒரு டப்பா நெய் கிடைக்கவில்லை என்று முனிராஜ் சொன்னான்.

பிறகுதான் முருகேஷ் போனைத் திறந்தான். செவ்வாய்க்கிழமையே நீங்கள் போட்டிருக்கிறீர்கள். இந்த முறை உரை இல்லை, 'என்க' இல்லை. அந்த டப்பாவின் படமும் ஒரு சொல்லும் மட்டும். அதற்குக் கீழே கம்பெனிக்காரர்கள் சிவப்பில் எழுதியிருந்தார்கள்: 'பாப்பாரப்பட்டி அடியவன் நீக்கப்பட்டார்.' முருகேஷ் அதை இரண்டு முறை படித்தான். "மாமா காலையில சாப்பிட்டாரான்னு அத்தைகிட்ட கேளும்மா" என்றான். அவனுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

கல்லை நிமிர்த்த வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டோம். இந்த வீட்டுக்கு வாழ வந்தவளின் பிறந்த வீட்டு ஆண் முதல் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி ஒருவர்தான் எனக்கு இருக்கிறார்.

இன்னொன்று. பறித்த குழியில் கல்லின் கீழ்ப்பகுதி முழுதும் தெரிகிறது. காலுக்குக் கீழே வரி வரியாக எழுத்து. நம் எழுத்து மாதிரி இல்லை, வளைந்து வளைந்து இருக்கிறது. கடப்பாரை பட்ட இடம் அதில்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. படம் எடுக்கப் போன முருகேஷையும் தடுத்துவிட்டேன். வட்டெழுத்துப் பயிற்சி என்று சேலத்துக்குப் போய் வந்தீர்களே, அது நினைவில் இருக்கிறதா?

ஆடிப் பதினெட்டு ஞாயிறு அன்று வருகிறது. கிடா உண்டு. அது கவிப்பிரியாவின் வேண்டுதல், உங்களுக்காக மாற்ற மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். பானை இன்னும் வாங்கவில்லை.

தங்கை,
தீர்த்தம்மாள்

*

பாப்பாரப்பட்டி
6-8-2025

அன்புத் தங்கை தீர்த்தம்மாளுக்கு,

சிவபெருமான் திருவருள் முன்னிற்க. ஞாயிறன்று பேருந்து ஏறும்போது நீ கேட்டதற்கு அங்கேயே விடை சொல்லவில்லை. ஊர் கூடி நின்றது. ஆதலால் எழுதுகிறேன்.

முதலில் நீ கேளாததைச் சொல்லிவிடுகிறேன். கிடாவின் முறை வந்தபோது நான் சிவன் உறையும் தீர்த்தமலைத் திசையை நோக்கித் திரும்பி நின்றேன். நீ அதைப் பார்த்தாய். பார்த்தும் அண்ணியிடம் ஏதோ பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். என் கொள்கை மாறவில்லை, தங்கையே. ஆனால் அந்த மண்ணை விட்டு நகரவில்லை. சத்தியம் அன்று உடைந்தது. அதற்குரிய கழுவாயை என் இறைவனிடம் நான் தீர்த்துக்கொள்வேன். வீடு திரும்பிக் காலைக் கழுவுமுன் சற்று நேரம் அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லைத் தூக்க முதல் கை வைத்தபோது என் கைக்கு மேல் முருகேஷின் கட்டுப் போட்ட கை வந்து விழுந்தது. "அழுத்தாதீங்க மாமா, தையல் பிரிஞ்சிடும்" என்றான். என்னிடம் அவன் பேசியது அவ்வளவே. எனக்கு அது போதும்.

விளையாட்டு முடிந்துவிட்டது. விடையை எல்லோரும் பதித்துவிட்டதால், முதலில் திறந்தவர் என்னும் விதியைக் கைவிட்டுக் குலுக்கலில் ஒருவரைத் தேர்ந்தார்களாம். கயிலைக்கு யாரோ போகிறார். அவர் நல்லபடி சென்று மீளட்டும்.

இனி நீ கேட்டது. கல்லை நிமிர்த்தி மண் மூடுமுன் நீங்கள் எல்லோரும் அகன்று நிற்க, குழியில் இறங்கி அந்த எழுத்துகளை விரலால் தடவிப் படித்தேன். அரசன் பெயர் இருந்த வரி கடப்பாரை பட்டுச் சிதைந்துவிட்டது. அது போனால் போகட்டும். அரசர்களை நினைக்க ஏடுகள் உண்டு. அடுத்த வரி பிழைத்திருக்கிறது. பசுக்களை மீட்டுப் பட்டவனின் பெயர் அதில் இருக்கிறது. அவன் தந்தையின் பெயரும் இருக்கிறது. நாம் தலைமுறை தலைமுறையாக வேடியப்பன் என்று மட்டும் அழைத்தவனுக்கு அவன் தாய் இட்ட பெயர் ஒன்று உண்டு.

அதை எழுதி அனுப்புங்கள், பேரன் பிறந்தால் வைக்கலாம் என்றாய். எழுத அமர்ந்தேன். மை உலரும் வரை எழுதுகோலைப் பிடித்திருந்தேன். எழுதவில்லை.

அந்த விளையாட்டை ஆடியவர்கள் இப்போதும் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள்: 'அடியவன் ஐயா, அந்தக் கல்லில் ஏதேனும் எழுதியிருந்ததா?' பழைய நான் இருந்திருந்தால் பதவுரையே எழுதியிருப்பேன். நான் எழுதிய ஒரு வரி உன் தோட்டத்தில் என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன். இக்கடிதமும் முனிராஜின் வண்டியில் தக்காளிக் கூடைகளுக்கு இடையேதான் வரப்போகிறது. அந்தப் பெயரைத் தாளில் வைக்க என்னால் முடியவில்லை. மண் மூடியாயிற்று, மூடியபடியே இருக்கட்டும்.

ஆயினும் ஓர் அச்சம் என்னைப் பிடித்திருக்கிறது. இன்று அப்பெயரை அறிந்தவன் நான் ஒருவனே. கவிப்பிரியாவுக்கு நாள் ஐப்பசியில் என்கிறாய். படி இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். மருந்தைத் தவறாமல் உண்கிறேன். இறைவனிடம் இதுவரை முத்தி ஒன்றையே கேட்டு வந்தவன், இப்போது ஐப்பசி வரை நாள் கேட்கிறேன். குழந்தை பிறந்து பெயரிடும் நாளில், உன் பிறந்த வீட்டு முறையாக நான் வந்து, அதன் காதில் அந்தப் பெயரைச் சொல்வேன். அவ்வாறு செய்ய உத்தரவு தர வேண்டும்.

உன் அண்ணன்,
அர்ச்சுனன்

*

சாமிக்கொட்டாய்
8-8-2025

அண்ணா,

கவிப்பிரியா அரூரிலிருந்து வந்துவிட்டாள். கையில் வளையல் போட்டாயிற்று. நேராக நிற்கிற கல்லைச் சாளரத்திலிருந்து பார்த்துவிட்டு இன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பொண்ணு பொறந்தா அந்தப் பேரை இன்னாங்க பண்றது?" என்று கேட்கிறாள்.

இதற்குப் பதிலை நீங்கள் எழுத வேண்டாம். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

தீர்த்தம்மாள்